பூனையின் மூளை தந்த பாடம்



திருப்பதியில் எங்கள் இரயில்வே குடியிருப்பின் அண்டை வீட்டில் பெரியவர் ஒருவர் உளர். நெடுங்காலமாக நீரிழிவு நோயால் வருந்துபவர். விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுமாறு யான் வேண்டும்போதெல்லாம், "தம்பி, தினமும் பத்திரிகை படிக்கிறேன். கண்ணுக்கு என்ன கேடு?" என்று நகைப்பார். ஒருநாள் பயணச்சீட்டை என்னிடம் நீட்டி, "வண்டி எண்ணைப் படித்துச் சொல்" என்றார். அன்று அவர் நகைக்கவில்லை.

நீரிழிவு விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைக்கின்றது. தொடக்கத்தில் நோவில்லை, பார்வையும் மங்குவதில்லை. குறை புலப்படும்போது கேடு முற்றியிருக்கும். முன்னரே கண்டறிந்தால் லேசர் சிகிச்சையும் ஊசி மருந்தும் பெரும்பாலும் பார்வையைக் காக்கும். ஆனால், நம் நாட்டில் நீரிழிவு உடையோர் கோடிக்கணக்கினர். விழித்திரை வைத்தியரோ மிகச் சிலர். இவ்விடத்தேதான் மூளையை முன்மாதிரியாகக் கொண்ட செயற்கை அறிவு துணைக்கு வருகின்றது.

1959-இல் ஹியூபெல், வீசல் என்னும் அறிஞர் இருவர் பூனையின் மூளையை ஆராய்ந்து, சில நரம்பணுக்கள் குறிப்பிட்ட சாய்வுள்ள கோட்டைக் கண்டால் மட்டுமே கிளர்ச்சியுறுவதை வெளியிட்டனர். கோடுகள் அடுக்கடுக்காய் இணைந்தே உருவம் புலப்படுகின்றது என்பது அவர்தம் கருத்து. 1981-இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். ஜப்பானிய அறிஞர் புகுஷிமா 1980-இல் அவ்வடுக்கமைப்பைக் கணிப்பொறியில் அமைத்துக் காட்டினார். இன்று இயந்திர மனிதன் தன் முன்னுள்ள பொருளை இனங்காண்பதும் இவ்வழியில் வளர்ந்த முறையாலேயே.

இயந்திரம் கற்பது எங்ஙனம்? சீட்டு கொடுக்கும் புதிய குமாஸ்தா கள்ள நோட்டை அறியும் விதம் போன்றதே அது. ஆயிரம் நோட்டுகள் கைமாறி, தவறுந்தோறும் மேலாளர் திருத்தத் திருத்தக் கண் பழகிவிடுகின்றது. இயந்திரத்திலும் ஒவ்வொரு தவற்றுக்கும் ஏற்ப உள்ளிணைப்புகளின் வலிமை சிறிது மாற்றப்படுகின்றது.

2016-இல் கூகுள் ஆராய்ச்சியாளர் 1,28,175 விழித்திரைப் படங்களால் ஓர் இயந்திரத்தைப் பயிற்றியதை வெளியிட்டனர். அமெரிக்கப் படங்களோடு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா முதலிய மருத்துவமனைகளின் படங்களும் அவற்றுள் உண்டு. அவ்விரு மருத்துவமனைகளிலும் 3,049 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2019-இல் வெளியாயிற்று. இயந்திரத்தின் கணிப்பு வைத்தியர்களின் கணிப்புக்கு ஒப்பாகவோ மேலாகவோ இருந்தது. பூனையின் பார்வையை ஆராய்ந்து பெற்ற பாடம், மனிதனின் பார்வையைக் காக்கத் திரும்பி வந்துள்ளது!

எனினும், இயந்திரம் நோயைச் சுட்டுமேயன்றித் தீர்க்காது. படம் மங்கலானால் அதுவும் திகைக்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, கருவியின் முன் அமராதவரை எந்த அறிவும் காக்க இயலாது. 2019 முதல் திருப்பதியிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இயங்கிவருகின்றது. சித்தூரிலுள்ள அன்பர்களுக்கும் அது தொலைவன்று.

அண்டை வீட்டுப் பெரியவர்க்குச் சிகிச்சையால் எஞ்சிய பார்வை நிலைத்தது, இழந்தது மீளவில்லை. வேலூரிலோ திருவண்ணாமலையிலோ பெற்றோரை விட்டு இங்கு வாழும் நாம், தொலைபேசியில் "சாப்பிட்டீர்களா?" என்று தவறாமல் கேட்கிறோம். நீரிழிவு உடையவராயின், "இவ்வாண்டு கண்ணைக் காட்டினீர்களா?" என்றும் கேட்போமாக.