தொட்டி அசேலியாவிற்கு ஏற்ற மண்

ஜப்பானியர் போன்சாயாக வளர்க்கும் ஸாட்ஸுகி அசேலியாவிற்குக் கொழுத்த எருமண் இடுவது நன்மை என்று சிலர் எண்ணுகின்றனர். இக்கருத்து நமக்கு உடன்பாடன்று. அதன் வேர்கள் மயிரினும் மெல்லியன. நீர் தேங்கின் அழுகும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்தை ஏற்க இயலாமல் இலைகள் மஞ்சளிக்கும்.

தோச்சிகி மாகாணத்துக் கானுமா நகரின் பெயரால் வழங்கும் மஞ்சள் நுரைக்கல் மண்ணே இதற்குச் சிறந்தது. அகாகி எரிமலை கக்கிய அம்மண் புளிப்புத் தன்மையுடையது. ஈரத்தை ஏந்தியும் காற்றுக்கு இடமளிக்கும். சல்லடையிட்டுப் பொடியை நீக்கியே இடல் வேண்டும். சில ஆண்டுகளில் மணிகள் நொறுங்குமாதலால் மண்ணை மாற்றுவதும் அவசியம். சுண்ணாம்பு நீர் ஊற்றின் இப்பயன் யாவும் கெடும், மழைநீரே உத்தமம்.

தலைமுறைகள் பேணிய மரமும் தகாத மண்ணில் சில பருவங்களில் மடியும். ஆதலின் மண்ணின் கொழுமையை நோக்காது, வேரின் இயல்பை நோக்கித் தேர்வதே விவேகமாகும்.