வண்டியில் பேசும் கருவிக்கு மின்சாரம் எங்கிருந்து?

சென்ற இதழில் வீட்டு இன்வெர்ட்டரைப் பற்றி நாம் எழுதியதைக் கண்ட அன்பர் ஒருவர், "வீட்டுக்கு வழி சொன்னீர்கள், வண்டிக்கும் சொல்லுங்கள்" என்று கேட்டு எழுதியிருக்கிறார். சொந்தமாக டெம்போ ஓட்டும் அவர் அண்மையில் அமெச்சூர் வானொலி உரிமமும் பெற்றிருக்கிறாராம். பேசும் கருவியின் வயரை வண்டியிலுள்ள சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகிக்கொள்ளலாமா என்பதே அவருடைய வினா. இதற்கு விடை கூறும் தகுதி நமக்கு உண்டு. அதைத் தவறாகச் செய்து தலைகுனிந்தவர்கள் நாம்.

2005-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை இங்குள்ள நம் குடும்பங்கள் மறந்திரா. 2019-ஆம் ஆண்டு ஜூலை 27 அன்று பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் இடையே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் நின்றுபோய், ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள் மீட்கப்பட்டதும் நினைவிருக்கும். இருப்புப்பாதையில் ஊதியம் வாங்கும் நமக்கு அந்நிகழ்ச்சி உறைத்தது. இரவில் புத்தகம் விரித்துப் படித்தோம், தேர்வெழுதினோம், உரிமம் பெற்று 50 வாட் கருவியொன்றைத் தவணையில் வாங்கினோம்.

கருவி வந்ததே தவிர வண்டிக்கு எங்கே போவது? காய்கறி ஏற்றும் அண்ணாச்சி ஒருவரிடம் அவருடைய வேனைக் கேட்டோம். "எப்ப வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க தம்பி. கடன் இன்னும் முடியலை, ஓட்டை மட்டும் போட்டுராதீங்க" என்றார் அவர். அவர் சொல்லைச் சாக்காகக் கொண்டு நாமும் வேலையைச் சுருக்கினோம். கடையில் விற்கும் பிளக் ஒன்றை வாங்கிக் கருவியின் வயரில் முடிந்து சாக்கெட்டில் சொருகினோம். விளக்கு எரிந்தது, பக்கத்து ஊர்க் குரல்கள் தெளிவாகக் கேட்டன. பேசிப் பார்க்காமலே மகிழ்ந்துபோனோம்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்து இரவொன்றில் உல்லாஸ் நதி பெருகிக் கரையோரத் தரைத்தள வீடுகளில் நீர் புகுந்தது. மின்சாரம் போயிற்று, சற்று நேரத்தில் கைப்பேசிகளும் அடங்கின. அவ்வீடுகளுள் ஒன்றில் நம் சங்கத்து மூதாட்டி ஒருவர் ஆக்ஸிஜன் இயந்திரத்தின் துணையோடு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். கையிருப்பு ஒரே ஒரு சிலிண்டர். நாம் வேனில் ஏறி அழைத்தோம். அம்பர்நாத்தில் மாடிவீட்டில் இருந்த அமெச்சூர் அன்பர் ஒருவர், "யாரோ அழைக்கிறீர்கள், மறுபடி சொல்லுங்கள்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் குரல் மணிபோல் ஒலித்தது. நாம் மைக்கின் பொத்தானை அழுத்திய போதெல்லாம் கருவி அணைந்து, விட்டவுடன் மீண்டும் எரிந்தது. நான்காம் முறை ஃபியூஸும் போயிற்று. முடிவில் மூதாட்டியின் பேரன் இடுப்பளவு நீரில் நடந்து தீயணைப்பு நிலையத்தை அடைய முக்கால் மணி நேரம் ஆயிற்று. பாட்டி பிழைத்தார். அந்த முக்கால் மணி நேரம் நம் கணக்கில் நிற்கிறது.

மறுநாள் மீட்டரை வைத்துப் பார்த்தோம். கேட்கும்போது இத்தகைய கருவி 1 ஆம்பியர்கூட இழுப்பதில்லை. 50 வாட்டில் பேசும்போது 10 முதல் 12 ஆம்பியர் வரை இழுக்கிறது. சாக்கெட்டோ பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸுக்குப் பின்னால் மெல்லிய வயரில் தொங்குவது. சில நொடி சூடேறித் தானே வெளியே துள்ளும் லைட்டருக்காக ஏற்பட்ட துளை அது. உள்ளே பிளக்கைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு சிறு சுருள்வில். வண்டி குலுங்கினால் அதுவும் குலுங்கும்.

அவ்வயரும் அத்தொடுப்பும் சேர்ந்து 0.2 ஓம் தடை தந்தாலே போதும். 10 ஆம்பியர் ஓடுகையில் 2 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். எஞ்சின் நின்ற வேனில் பேட்டரி 12.4 வோல்ட் காட்டினால் கருவியின் வாயில் கிடைப்பது 10.4. இவ்வகைக் கருவிகள் 13.8 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டவை. அதில் நூற்றுக்கு 15 பங்கு வரை ஏறியிறங்கலாம் என்பர். ஆக 11.7-க்குக் கீழே போனால் அவை மயங்கும். நம்முடையது மயங்கியது. தொலைந்த 2 வோல்ட் எங்கே போயிற்று எனில், 20 வாட் சூடாக வயரிலும் பிளக்கிலும் இறங்கிற்று. சிறிய சால்டரிங் அயர்னின் சூடு அது. பிளக்கின் பிளாஸ்டிக் நெளிந்திருந்ததைக் கண்டபோது, வண்டி தீப்பற்றாதது நம் நல்லூழ் என்று எண்ணினோம்.

"பெரிய ஃபியூஸாப் போட்டுட்டா?" என்று அண்ணாச்சி கேட்டார். கேட்காதவர் யார்? ஃபியூஸ் கருவியைக் காப்பதற்கு மட்டும் உள்ளதன்று. வயரைக் காப்பதற்காக உள்ளது. 15 ஆம்பியருக்கான வயரில் 30 ஆம்பியர் ஃபியூஸைச் சொருகினால் வயரே ஃபியூஸாகி எரியும். இதில் நாம் எவருக்கும் இணங்குவதில்லை.

நம்மை இன்றும் உறுத்துவது வேறொன்று. அன்றிரவு வயரை மாற்றாமலே பேசியிருக்கலாம்! கருவியின் முகப்பில் ஆற்றலைக் குறைக்கும் பொத்தான் இருந்தது. 5 வாட்டில் வைத்திருந்தால் 4 ஆம்பியர் அளவே இழுத்திருக்கும். வழியில் 1 வோல்ட்டுக்குள்தான் போயிருக்கும். எஞ்சினையும் ஓடவிட்டிருந்தால் பேட்டரியே 13.8-க்கு மேல் காட்டியிருக்கும். 50 வாட்டை 5 வாட்டாக்கினால் கேட்பவர் காதில் குரல் பத்திலொன்றாகி விடும் என்று எண்ண வேண்டா. அண்மையிலுள்ள, உயரத்தில் ஆன்டெனா வைத்துள்ள நிலையத்துக்குப் பெரும்பாலும் வேறுபாடே தெரியாது. 2022-ஆம் ஆண்டு முதல் டிரெயின் மேனேஜர் எனப் பெயர்பெற்ற நம் கார்டு, வண்டியின் கடைக்கோடியிலிருந்து எஞ்சினோடு பேசுவது 5 வாட் வாக்கிடாக்கியால்தான். நாள்தோறும் அதைக் கண்டும் நமக்கு அவ்விரவில் தோன்றவில்லை.

ஆகவே டெம்போ அன்பருக்கு நம் விடை இது. கையடக்கக் கருவிக்கும், குறைந்த ஆற்றலில் வைத்த பெரிய கருவிக்கும் சாக்கெட் போதும். 50 வாட்டில் பேச வேண்டுமெனில் பேட்டரியிலிருந்தே தனியாக இரண்டு வயர் இழுக்க வேண்டும். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஏற்றது. ஃபியூஸ் கருவிப் பக்கம் மட்டும் இருந்தால் போதாது; பேட்டரியை ஒட்டியும் இருக்க வேண்டும். இடையில் வயர் உரசித் தோலுரிந்தால் காப்பது அதுவே. கருவியோடு வரும் வயரின் ஃபியூஸ்களை வெட்டி எறிந்துவிடாதீர்கள்.

லாரி வைத்திருப்போருக்கு ஒரு சொல். பல லாரிகளில் மின்சாரம் 24 வோல்ட். சாக்கெட்டின் துளையோ பார்வைக்கு ஒன்றே. 12 வோல்ட் கருவியை அதில் சொருகினால் பழுதாகிவிடும். முதலில் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

உரிமமின்றி இத்தகைய கருவியில் பேசுவது குற்றம். 12 வயது நிறைந்த பிள்ளைகளும் தேர்வெழுதலாம் என்பதைப் பெற்றோர் கருத்தில் கொள்க.

அண்ணாச்சியின் வேனுக்கு ஓட்டை போடவே நேரவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தால், வண்டியின் சொந்த வயர்கள் உள்ளே நுழையும் இடத்தில் ரப்பர் அடைப்பு ஒன்று முன்பே இருந்தது. அதன் ஓரமாக நம் இரண்டு வயரும் போயின. இப்போது 50 வாட்டில் பேசும்போதும் வழியில் அரை வோல்ட்டுக்கு மேல் குறைவதில்லை. அம்பர்நாத் அன்பரோடு பேசிக் காட்டினோம். அண்ணாச்சியும் மைக்கை வாங்கித் தம் பெயரைச் சொல்ல முனைந்தார், உரிமம் இல்லையென்று தடுத்துவிட்டோம். அதில் அவருக்குச் சற்று வருத்தமே.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஒன்பது மணி முதல் சங்கக் கட்டட வாசலில் மீட்டருடன் இருப்போம். வண்டி கொண்டுவருவோர் முன்னதாகவே வந்து எஞ்சினை ஆறவிடுக.