உறுதியில் உண்மை விலையே எழுதப்பட வேண்டும்: வீட்டு விற்பனை வரிகள் பற்றிய எமது நிலைப்பாடு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடு கைமாறும்போது இரண்டு விலை பேசப்படுவது பழைய வழக்கம். கையில் கொடுக்கும் காசு ஒன்று, உறுதியில் எழுதும் காசு இன்னொன்று. முத்திரைத் தீர்வையைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு. தரகர் சொல்வார், வாங்குபவர் சம்மதிப்பார், எனக்கென்ன நட்டம் என்று விற்பவரும் கையெழுத்து வைப்பார். இந்த இரு பகுதிகளிலும் வீடும் தொடர்மாடி மனையும் வைத்திருப்பவர்களின் அமைப்பாகிய நாம் இந்த வழக்கத்தை எதிர்க்கிறோம். எமது அங்கத்தவர்களும் இதைக் கைவிட வேண்டும். மக்களை இதற்குத் தூண்டும் வரி விதிகளையும் திருத்தும்படி மேல் மாகாண நிர்வாகத்தையும் நிதி அமைச்சையும் கேட்கிறோம்.

வீட்டு விற்பனையில் முக்கியமாக இரண்டு வரிகள் உண்டு. முத்திரைத் தீர்வை மாகாணத்துக்குரியது. விலையின் முதல் ஒரு இலட்சத்துக்கு 3%, மீதிக்கு 4%. நடைமுறையில் இதை வாங்குபவர் கட்டுகிறார். மூலதன ஆதாய வரி உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குரியது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தின்படி 2018 ஏப்ரலில் 10 வீதத்துடன் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் தனியாட்களுக்கு 15 வீதமாக உயர்ந்திருக்கிறது. விற்றவர் கிடைத்த இலாபத்தின் மேல் இதைக் கட்ட வேண்டும். வழமையான வருட முடிவு விபரத்திரட்டு வரும்வரை காத்திருக்க முடியாது, விற்றதும் இதற்கென்று தனி விபரத்திரட்டு கொடுக்க வேண்டும். முற்பணம் வாங்கிச் செலவழித்த பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

குறைத்து எழுதுவதால் யாருக்கு இலாபம்? 4 கோடி ரூபாவுக்கு வாங்கிய மாடிவீட்டை உறுதியில் இரண்டரைக் கோடி என்று எழுதினால், வாங்குபவருக்கு மிச்சமாகும் முத்திரைத் தீர்வை 6 இலட்சம். பத்து வருடம் கழித்து அவரோ பிள்ளைகளோ அதை விற்கும்போது, சட்டத்தின் கண்ணில் கொள்விலை இரண்டரைக் கோடிதான். அப்போது வாங்குபவர் உண்மை விலையை எழுத வேண்டும் என்று நின்றால், ஒருபோதும் கிடைக்காத ஒன்றரைக் கோடி இலாபத்துக்கும் சேர்த்து 15% கட்ட வேண்டும். அது இருபத்திரண்டரை இலட்சம். விற்பவருக்கும் இதில் பாதுகாப்பில்லை. விற்ற விலை, மதிப்பீட்டாளர் சொல்லும் பெறுமதி இரண்டில் எது கூடவோ அதன்படியே ஆதாயத்தைக் கணிப்பது என்ற மாற்றம் 2021ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்திலேயே வந்துவிட்டது.

நொத்தாரிசு உறுதியின் கடைசியில் எழுதும் அத்தாட்சியையும் நினைவில் வைக்க வேண்டும். பணம் தன் முன்னிலையில் கொடுக்கப்பட்டதா இல்லையா என்பதை அவர் அங்கே குறிக்கிறார், காசோலையானால் அதன் விபரத்தையும் சேர்க்கிறார். மீதிக் காசு அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. நாளைக்கு வாங்குபவருக்கும் விற்பவருக்கும் பிணக்கு வந்து நீதிமன்றம் போனால், உறுதியில் இல்லாத ஒன்றரைக் கோடியை எதைக் காட்டி நிரூபிப்பது?

இன்னொரு பாதிப்பும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எமக்கோ அதுதான் பெரிதாகத் தெரிகிறது. 2017 செப்டெம்பர் 30ஆம் திகதிக்கு முன்பே கையில் இருந்த வீடாயின், அன்றைய சந்தைப் பெறுமதியையே கொள்விலையாக எடுக்கலாம். 1970களில் இராமகிருஷ்ண வீதியில் சில ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிய வீடென்றாலும் விற்ற காசு முழுவதும் இலாபமாகிவிடாது. அன்று 3 கோடி 20 இலட்சம் பெறுமதியான வீட்டை இப்போது 4 கோடி 20 இலட்சத்துக்கு விற்றால், வரி ஒரு கோடிக்கு மட்டும், அதாவது 15 இலட்சம். ஆனால் அந்த 2017 பெறுமதியை மதிப்பீட்டாளர் எதை வைத்துச் சொல்வார்? அதே ஒழுங்கையில் அந்தக் காலத்தில் எழுதப்பட்ட உறுதிகளைப் பார்ப்பார். பக்கத்து வீட்டார் பாதி விலையை எழுதியிருந்தால் எமது வீட்டின் அன்றைய பெறுமதியும் இறங்கிவிடும், எமது வரி ஏறிவிடும். ஒருவர் மிச்சம் பிடித்த காசை ஒழுங்கை முழுவதும் கட்டித் தீர்க்கிறது.

ஆகவே 2017 செப்டெம்பர் 30இல் ஒரு பேர்ச் நிலத்தின் பெறுமதி என்ன என்பதை, வெள்ளவத்தைக்கும் (கொழும்பு 6) கொட்டாஞ்சேனைக்கும் (கொழும்பு 13) வீதி வீதியாக, விலைமதிப்பீட்டுத் திணைக்களம் மூன்று மொழிகளிலும் வெளியிட வேண்டும். ஜம்பெட்டா வீதியில் பென்ஷன் காசில் வாழும் ஒரு முதியவர் இதற்கென்று தனியார் மதிப்பீட்டாளருக்குக் கட்டணம் கொடுக்கும் நிலை இருக்கக் கூடாது.

சொந்தமாகக் குடியிருந்த வீட்டுக்கு மூலதன ஆதாய வரியில் விலக்கு உண்டு என்பது உண்மை. விற்பதற்கு முந்திய 3 வருடமும் வீடு விற்பவருடையதாக இருக்க வேண்டும், அதில் 2 வருடமாவது அவர் அங்கே வசித்திருக்க வேண்டும், அதுவும் நாள் கணக்கில். இந்த நிபந்தனை எங்கள் சமூகத்தின் முதியவர்களை நேராகத் தாக்குகிறது. கணவர் காலமான பின் ஸ்காபரோவிலோ லண்டனிலோ உள்ள பிள்ளையுடன் தங்கச் செல்லும் தாய், குளிர் பழகுமா, உடம்பு ஒத்துவருமா என்று பார்த்துவிட்டுத்தான் வெள்ளவத்தை வீட்டை விற்பதா என முடிவெடுக்கிறார். அதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டால் விலக்கும் போய்விடுகிறது. நாற்பது வருடம் அவர் அந்த வீட்டில் சமைத்தார், பிள்ளைகளை வளர்த்தார் என்பது கணக்கில் இல்லை. முதுமை, நோய், பராமரிப்பு ஆகிய காரணங்களால் வீட்டைவிட்டு இருந்த காலம் 5 வருடம் வரையாவது வசித்த காலமாக எண்ணப்பட வேண்டும் என்று கோருகிறோம்.

விற்பனையை நன்கொடை உறுதியாக எழுதும் யோசனையையும் சிலர் சொல்கிறார்கள். நன்கொடைக்கு முத்திரைத் தீர்வை முதல் 50,000 ரூபாவுக்கு 3%, மீதிக்கு 2%, ஆகவே ஏறத்தாழப் பாதி. இதை யாரும் செய்ய வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறோம். பெற்றவர் பெரும் நன்றிகேடு காட்டினார் என்று நன்கொடையாளர் வழக்குத் தொடர்ந்து நன்கொடையை இரத்துச் செய்ய எமது சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்கான 2017ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி எழுதி 10 வருடம் வரை அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது. நன்கொடை உறுதியைப் பார்த்ததும் வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்குவது இதனால்தான். காசு கொடுத்து வாங்கியவர் ஏன் அந்தப் பயத்துடன் இருக்க வேண்டும்?

முத்திரைத் தீர்வையின் ஒரு இலட்சம் என்ற எல்லை இன்று அர்த்தமற்றது. ஒரு இலட்சத்துக்குக் கொழும்பில் ஒரு பேர்ச்சின் சிறு துண்டு கூட வராது. முதல் வீடு வாங்கும் குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபா வரை 1 வீதமும் அதற்கு மேல் இப்போதைய வீதமும் போதும் என்பது எமது யோசனை. தீர்வை தாங்கக்கூடியதாக இருந்தால் பொய் விலைக்கான தேவை பெருமளவு குறையும். இதை மாற்றும் அதிகாரம் மாகாண சபைக்கு உரியது. மேல் மாகாண சபையோ 2019 ஏப்ரலில் கலைந்தது, பிறகு தேர்தல் நடக்கவில்லை. மக்களுக்குப் பதில் சொல்லும் பிரதிநிதிகள் இல்லாமல் மாகாணத்தின் பெயரில் தீர்வை அறவிடப்படுகிறது. தேர்தலை இனியும் தள்ளக் கூடாது. இந்தத் தீர்வைப் பணம் உள்ளூராட்சி மன்றங்களுக்கே சேர வேண்டியது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறவிட்டதில் கொழும்பு மாநகர சபைக்கு எவ்வளவு வந்தது, அதில் இந்த வட்டாரங்களின் வடிகாலுக்கும் குப்பைக்கும் எவ்வளவு போனது என்பதைச் சபை வருடந்தோறும் வெளியிட வேண்டும்.

எமது அங்கத்தவர்களுக்கு: முற்பண ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் முன் இரண்டு வரியையும் யார் கட்டுவது என்பதை அதிலேயே எழுதுவியுங்கள். வரியெல்லாம் விற்பவர் பொறுப்பு என்று பொதுவாக எழுதியிருந்தால் அந்த வசனத்தை மாற்றச் சொல்லுங்கள். வீட்டில் செய்த திருத்த வேலைகளின் பற்றுச்சீட்டுகளை, 2017க்குப் பிறகு கூரை மாற்றியது, மேல்மாடி கட்டியது போன்றவற்றை, உறுதியுடன் ஒரே கோவையில் வையுங்கள். ஆதாயத்தைக் கணிக்கும்போது அவை உதவும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அற்றோர்ணித் தத்துவம் கொடுக்கும்போது விற்பனை விலையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உண்மை விலையை எழுத மறுக்கும் வாங்குநரிடம் வீட்டை விற்காதீர்கள்.