படம் தெரியவில்லை என்று காவலைக் கழற்றலாமா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, செந்தூலில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியம்மா கோப்பியை மேசையில் வைத்துவிட்டு, "நீயாவது அவருகிட்ட பேசுப்பா. பத்து நாளா யாருகிட்டயும் முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறாரு" என்றார்.

பெரியப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரோடு வேலை செய்தவர்கள் இன்று ஈப்போ, கிள்ளான், சிரம்பான் என்று ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எல்லாருடைய முகவரியையும் திரட்டி வைத்துக்கொண்டு, கல்யாணம், கோயில் திருவிழா, துக்கச் செய்தி என்று எதுவாக இருந்தாலும் மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புவார். அப்படி வந்த ஒரு மின்னஞ்சலின் தலைப்பில் 'அறிவிப்பு' என்ற ஒரே சொல்தான் இருந்தது. உள்ளே எழுத்து எதுவும் இல்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைக் கட்டம். மேலே வந்த 'படங்களைக் காட்டு' பட்டையையும் பெரியப்பா அழுத்திப் பார்த்திருக்கிறார். அப்போதும் கட்டம் வெள்ளையாகவே நின்றது. ஏதோ கூட்ட அறிவிப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

அது அவருடைய நெருங்கிய தோழரின் மரண அறிவிப்பு.

"பக்கத்துல பக்கத்துல நின்னு பதினெட்டு வருஷம் வேலை செஞ்சோம்டா. பதினாறாம் நாள் காரியமும் முடிஞ்ச பிறகு, 'ஏன் நீங்க வரல'ன்னு ஒருத்தன் போன் பண்ணிக் கேட்கிறான். நான் என்ன பதில் சொல்றது?"

அந்தக் கோபத்தில், யாரோ சொன்ன யோசனைப்படி, கணினியில் இருந்த ஆன்டிவைரஸ் மென்பொருளை முழுவதுமாக நிறுத்திவிட்டார். படம் தெரிந்தது. அதனால் அதை அப்படியே விட்டுவிட்டார். பத்து நாள், கணினி காவலே இல்லாமல் இருந்தது.

நான் அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நான்காவது வரியில் வங்கியின் பெயரில் ஒரு மின்னஞ்சல். 'உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது, உடனே சரிபார்க்கவும்' என்று மிரட்டல். சின்னம் பளிச்சென்று இருந்தது. "இதைத் தொட்டீங்களா பெரியப்பா?" என்றேன். "தொட்டேன். யூசர் நேம் கேட்டுச்சு. எனக்குத்தான் அதெல்லாம் கிடையாதே, மூடிட்டேன்" என்றார். அவரிடம் இணைய வங்கிக் கணக்கு இல்லை. அதுதான் அன்று அவரைக் காப்பாற்றியது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். உண்மையான மரண அறிவிப்பு தெரியவில்லை. போலி வங்கிக் கடிதமோ கண்ணாடி போலத் தெரிந்தது. ஆன்டிவைரஸ் ஓடிக்கொண்டிருந்தாலும் அந்தச் சின்னம் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். காரணம், மின்னஞ்சலில் படம் இரண்டு வழியில் வருகிறது.

ஒன்று, கடிதத்துக்குள்ளேயே வைத்து அனுப்பப்படும் படம். உறைக்குள் புகைப்படத்தை வைப்பது மாதிரி. கடிதம் வந்தால் படமும் வந்துவிடும். மோசடிக்காரர்கள் இதை விரும்புவார்கள். எழுத்துகளை அலசும் வடிகட்டிகளிடமிருந்து தப்ப, முழுச் செய்தியையே படமாக்கி உள்ளே வைப்பவர்களும் உண்டு.

இரண்டாவது, வேறு எங்கோ ஓர் இணைய வழங்கியில் இருக்கும் படம். கடிதத்தில் படத்தின் முகவரி மட்டும் இருக்கும். நீங்கள் திறக்கும் நேரத்தில்தான் உங்கள் கணினி அங்கே போய்ப் படத்தை எடுத்து வரும். மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பித் தரும் சேவைகள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கின்றன. பெரியப்பாவின் தோழர் பயன்படுத்தியதும் அப்படி ஒரு சேவைதான்.

கணினி படத்தை எடுக்கப் போகும்போது தன் அடையாளத்தை அங்கே விட்டுவிட்டு வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனி எண் போட்ட படத்தை அனுப்பினால், யார் எத்தனை மணிக்குக் கடிதத்தைத் திறந்தார், எந்த இணைய முகவரியிலிருந்து திறந்தார் என்பது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். கண்ணுக்கே தெரியாத ஒரே ஒரு புள்ளி அளவுள்ள படமும் இந்த வேலையைச் செய்யும். குப்பை அஞ்சல் அனுப்புகிறவனுக்கு 'இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்' என்று தெரிந்தால் போதாதா?

அதனால்தான் அவுட்லுக் 2003ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே வெளிப்படங்களைத் தானாகத் தடுக்கத் தொடங்கியது. ஜிமெயில் 2013 டிசம்பரில் வேறு வழியைப் பிடித்தது. படத்தைத் தன் சொந்த வழங்கி மூலம் எடுத்து நமக்குக் காட்டுகிறது. நம் இணைய முகவரி அனுப்பியவருக்குப் போகாது. ஆப்பிள் 2021இல் இதுபோன்ற மறைப்பைத் தன் அஞ்சல் செயலியில் கொண்டுவந்தது.

ஆக, பெரியப்பாவின் கணினியில் இரண்டு பூட்டுகள். அஞ்சல் மென்பொருளின் பூட்டை அவர் திறந்துவிட்டார். ஆண்டுச் சந்தாவைப் புதுப்பித்தபோது ஆன்டிவைரஸோடு புதிதாக வந்த 'பின்தொடர்வோரைத் தடுக்கும்' வசதி இரண்டாவது பூட்டாக இருந்தது. அது இருப்பதே அவருக்குத் தெரியாது.

நான் செய்தது இவ்வளவுதான். முதலில் ஆன்டிவைரஸைத் திரும்ப இயக்கி, புதுப்பித்து, கணினி முழுவதையும் ஒரு முறை சோதிக்க விட்டேன். நல்ல வேளை, எதுவும் புகுந்திருக்கவில்லை. பிறகு அந்த அறிவிப்பைத் திறந்தேன். மறுபடியும் வெள்ளைக் கட்டம். உடனே ஆன்டிவைரஸின் பதிவேட்டைப் பார்த்தேன். கடிதத்தைத் திறந்த அதே நிமிடத்தில் ஒரு முகவரி தடுக்கப்பட்டதாக எழுதியிருந்தது. அந்த ஒரு முகவரியை மட்டும் விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்தேன். படம் வந்துவிட்டது. காவலும் விழித்திருந்தது.

உங்கள் வீட்டில் இப்படி நடந்தால், இந்த வரிசையில் பாருங்கள்.

அதே மின்னஞ்சலைக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். அங்கே படம் தெரிந்தால் அனுப்பியவர் மேல் தவறில்லை. சிக்கல் உங்கள் கணினியில்தான். உலாவியில் அஞ்சல் பார்ப்பவராக இருந்தால், மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள். அங்கே தெரிந்தால், விளம்பரம் தடுக்கும் நீட்சி ஏதாவது குறுக்கே நிற்கலாம். அதுவும் இல்லையென்றால் அஞ்சல் மென்பொருளின் அமைப்பையும், கடைசியாக ஆன்டிவைரஸின் பதிவேட்டையும் பாருங்கள்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அஞ்சல் மென்பொருளில் நாம் அனுமதிப்பது அனுப்புநரை. ஆன்டிவைரஸில் அனுமதிக்க வேண்டியதோ படம் குடியிருக்கும் இணைய முகவரியை. இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு. ஒன்றில் அனுமதித்தால் இன்னொன்றுக்குத் தெரியாது.

சோதனைக்காகக் காவலை நிறுத்தியே ஆகவேண்டும் என்றால், இணையத்தைக் கண்காணிக்கும் பகுதியை மட்டும், பத்து நிமிடம் நிறுத்துங்கள். அதற்குள் வேறு எதையும் திறக்காதீர்கள். போலிக் கடிதத்தை நம்பிப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். உடனே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை 997 என்ற எண்ணில் அழையுங்கள்.

அறிவிப்பு அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு காலத்தில் தமிழை மின்னஞ்சலில் படமாக அனுப்பியதற்குக் காரணம் இருந்தது. அனுப்புகிறவரிடம் ஓர் எழுத்துரு, பெறுகிறவரிடம் இன்னொன்று. எழுத்தாக அனுப்பினால் கிறுக்கலாகத்தான் போய்ச் சேரும். ஒருங்குறி வந்து பரவிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் பழக்கம் போகவில்லை. பூ போட்ட அழைப்பிதழை, கறுப்புக் கரை போட்ட அறிவிப்பைப் படமாகவே அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் கீழே பெயர், நாள், நேரம், இடம் நான்கையும் எழுத்தாகத் தட்டச்சு செய்துவிடுங்கள். எந்தப் பூட்டும் அதை மறைக்காது.

அன்றிரவு நான் கிளம்பும்போது, அந்தத் தோழருக்கு இதையே ஒரு பதிலாக எழுதித் தரச் சொன்னார் பெரியப்பா. எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை பெரியம்மாவை அழைத்துக்கொண்டு, இறந்தவர் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார். நாள் கடந்திருந்தாலும், அந்த வீட்டம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம்.

இரண்டு வாரம் கழித்து ஓர் 'அறிவிப்பு' வந்தது. அதே குழுவில் ஒருவர் மகளுக்குக் கல்யாணம். படத்துக்குக் கீழே நான்கு வரி எழுத்து. பெரியப்பா அதைத் தொலைபேசியில் எனக்கு வாசித்தே காட்டினார்.