சேறு அள்ளவும் அனுமதி வேண்டும்!

சாந்தோமில் இருந்து அடையாறு செல்லும் வழியில், மரங்கள் அடர்ந்த ஒரு பூங்கா இருக்கிறது. அதுதான் தொல்காப்பியப் பூங்கா. பரப்பு 58 ஏக்கர்.

பூங்கா என்று பெயர். உண்மையில் அது உப்பங்கழி. கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் ஆற்று வாய் வழியாக உள்ளே வரும். இறங்கும்போது திரும்பிப் போகும். மீன் குஞ்சுகள் வளர்வது இங்கேதான். மழை வெள்ளம் பரவி நிற்பதும் இங்கேதான்.

இந்தக் கழியில் பல ஆண்டுகள் கட்டிட இடிபாடுகளைக் கொட்டினார்கள். சாக்கடையும் கலந்தது. சுற்றிலும் மண் நிரப்பிப் பெரிய கட்டிடங்கள் எழுந்தன.

யாரைக் கேட்பது?

குப்பையை அள்ள யாரைக் கேட்க வேண்டும் என்று தோன்றும். கேட்கத்தான் வேண்டும்! கடலோரப் பகுதிகளுக்கு 1991-ல் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டு வந்தது. கடல் நீர் வந்து போகும் கழிகளும் அதில் அடக்கம். அங்கே சேறு தோண்டுவதானாலும், கரையை மாற்றுவதானாலும், வரைபடத்துடன் விண்ணப்பம் போட்டு அனுமதி பெற வேண்டும்.

இதனால் வேலை தாமதம் ஆகிறது. ஆனால், இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால், மிஞ்சிய கழியிலும் அடுக்கு மாடிகள் வந்திருக்கும். மாடி கட்டுகிறவரையும், சேறு அள்ளுகிறவரையும் சட்டம் ஒரே வாசலில் நிறுத்தி விசாரிக்கிறது. விசாரிக்கட்டுமே!

பணம் எங்கே?

இந்த வேலைக்காக 2006-ல் அரசு ஓர் அறக்கட்டளை அமைத்தது. அதுதான் பின்னர் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை ஆயிற்று. 2011 ஜனவரியில் முதல்–அமைச்சர் கருணாநிதி பூங்காவைத் திறந்து வைத்தார். அடுத்து, கழிமுகம் வரை சுமார் 300 ஏக்கரைச் சீர்படுத்தும் வேலை. அதற்குச் சுமார் 25 கோடி ரூபாய்.

கழி மட்டும் சுத்தமானால் போதுமா? மேலே இருந்து ஆறு சாக்கடையைச் சுமந்து வருகிறதே! ஆகவே, அடையாறு முழுவதற்கும் 555 கோடி ரூபாயில் திட்டம் போட்டார்கள்.

2015 டிசம்பரில் அந்த ஆறு பொங்கி, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்ததை யார் மறப்பார்கள்? தண்ணீருக்கு இடம் விட்டே ஆக வேண்டும்.

யார் இடம் விட்டார்கள்? ஆற்றோரக் குடிசைகளில் இருந்தவர்கள். அவர்களில் பலர் பெரும்பாக்கம் அடுக்கு வீடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். மயிலாப்பூர், அடையாறு பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இப்போது நீண்ட பஸ் பயணம். கழியை ஒட்டிய பெரிய கட்டிடங்கள் அங்கேயே நிற்கின்றன.

பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது தெரியுமா? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் அருகில்! பெருமழை பெய்தால் அங்கும் தெருவில் தண்ணீர் தேங்குகிறது.