யார் ஆவிக்குரிய தகப்பன்?

இது கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் கிடைக்கும்போது படியுங்கள். கிறிஸ்தவர் அல்லாத என் மாணவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பேச்சு சபைக்குள் நடக்கிற விஷயம்தான். ஆனால் குரு என்றும் வழிகாட்டி என்றும் யாரையாவது நம்புகிறவர்கள் எல்லா இடத்திலும் உண்டு என்பதால் உங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு பையன் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். பையன் என்கிறேன், அவனுக்கு இப்போது முப்பத்தைந்து வயது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். சென்னையில் வேலை. ஊரில் அம்மா தனியாக இருக்கிறார்; சர்க்கரை வியாதி, கண் பார்வையும் குறைந்துகொண்டே வருகிறது. திருநெல்வேலியிலேயே ஒரு வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் குறைவு. வந்துவிடலாம் என்று நினைக்கிறான். ஆனால் அவன் போகிற சபையின் போதகர், "நான் உன் ஆவிக்குரிய தகப்பன். என் சம்மதம் இல்லாமல் போனால் உனக்குக் கவரிங் போய்விடும், சாபம் வரும்" என்று சொல்லிவிட்டாராம். அங்கே அவரை எல்லாரும் 'டாடி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். "டீச்சர், நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டிருந்தான். பெயர் போடாமல் எழுதுகிறேன் என்று அவனிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

கவரிங் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நம் ஊரில் கவரிங் என்றால் தங்கம் மாதிரி மினுங்கும், வேர்வை பட்டால் கறுத்துப்போகும். இப்போது அதற்கு 'ஆவிக்குரிய பாதுகாப்பு' என்று அர்த்தமாம். ஆனால் மெசேஜை இரண்டாம் தடவை கேட்டபோது சிரிப்பு வரவில்லை. அவன் குரலில் பயம் இருந்தது. ஐந்தாம் வகுப்பில் கணக்கு நோட்டை வீட்டில் விட்டுவிட்டு வந்து நிற்பானே, அதே குரல்.

ஆவிக்குரிய தகப்பன் என்ற பேச்சே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பூமியிலே யாரையும் பிதா என்று அழைக்க வேண்டாம் என்று இயேசு சொன்னது உண்மை. அதே புதிய ஏற்பாட்டில் பவுல், கொரிந்து சபையாருக்குத் தாம் தகப்பன் என்று எழுதியதும் உண்மை. எனக்குப் புரிந்தது இதுதான்: பட்டத்தைக் கேட்டு வாங்கக் கூடாது, வேலையைச் செய்யாமல் விடவும் கூடாது. இன்று பட்டத்துக்குத்தான் ஆள் அதிகம். அந்த வேலை என்ன என்று கேட்டால், பிலேமோனுக்கு எழுதின நிருபத்தைப் படியுங்கள் என்பேன்.

ஒரே அதிகாரம், 25 வசனம். தீத்துவிலிருந்து எபிரெயருக்குப் புரட்டும்போது நாம் தாண்டிப் போய்விடுகிற பக்கம். பவுல் காவலில் இருக்கிறார், வயதாகிவிட்டது. அங்கே ஒநேசிமு என்ற அடிமை அவரிடம் வந்து சேருகிறான். எஜமானாகிய பிலேமோனை விட்டு ஓடிவந்தவன் என்றே நாம் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். காவலில் இருக்கும்போது தனக்குப் பிறந்த பிள்ளை என்று பவுல் அவனைச் சொல்கிறார். ஒநேசிமு என்றால் பிரயோஜனமுள்ளவன் என்று அர்த்தம். அந்தப் பெயரை வைத்தே பவுல் ஒரு சிலேடை போடுகிறார். தமிழ்ப் பாடம் எடுத்தவளுக்கு அது ஒரு தனி சந்தோஷம்.

இப்படிப்பட்ட பிள்ளையை அவர் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளவில்லை. விட்டுவந்த இடத்துக்கே திருப்பி அனுப்புகிறார். அன்றைக்கு ஓடிப்போன அடிமை அகப்பட்டால் நெற்றியில் சூடு போடுவதுகூட உண்டு. (அடிமை முறையைப் பவுல் நேரடியாகக் கண்டிக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு. அது இன்னொரு நாள் பேச்சு.) ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை. கட்டளையிட எனக்கு அதிகாரம் உண்டு என்று பிலேமோனுக்கு ஞாபகப்படுத்திவிட்டு, அந்த அதிகாரத்தை எடுக்காமல் கெஞ்சுகிறார். ஒநேசிமுவால் வந்த நஷ்டம், கடன் எதுவானாலும் தானே தீர்ப்பதாகத் தன் கைப்பட எழுதிக் கொடுக்கிறார். கடைசியில், தான் வந்து தங்க ஒரு அறையை ஒதுக்கி வைக்கவும் சொல்கிறார். 'நான் வருவேன், அவனை எப்படி வைத்திருக்கிறாய் என்று பார்ப்பேன்' என்பதைத்தான் இவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பயந்து வாழ்ந்த ஆசிரியை நான், எனக்கு வேறெப்படித் தோன்றும்!

தப்பை எதிர்கொள்ள அனுப்புகிறவர், அதன் செலவையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால்தான் நான் அவரைத் தகப்பன் என்பேன்.

இதை நான் பிரசங்கத்தில் கேட்டுப் படித்துக்கொள்ளவில்லை. 1978-இல் ஆசிரியர் பயிற்சி இரண்டாம் வருடம் படித்தபோது அனுபவித்தேன். விடுதியில் மெஸ் பில் 42 ரூபாய். அப்பா மணியார்டர் அனுப்பிவிட்டார். நான் அந்தப் பணத்தில் அத்தை மகள் கல்யாணத்துக்கு ஒரு நைலக்ஸ் சேலை எடுத்துவிட்டேன். வார்டனிடம் பணம் வரவில்லை என்று பொய். அப்பாவிடம் கட்டிவிட்டேன் என்று பொய். பில் கட்டாதவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று நோட்டீஸ் போட்டார்கள்.

எங்கள் ஊரில் ஒரு பைபிள் உமன் இருந்தார். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. எல்லாரும் பெரியம்மை என்போம். வீடு வீடாகப் போய் ஜெபிப்பார், மற்ற நேரத்தில் பனை ஓலைப் பெட்டி முடைவார். கல்யாண வீட்டில் என் சேலையைப் பார்த்தவர், அடுத்த சனிக்கிழமை விடுதிக்கே வந்துவிட்டார். "சேலை எப்படிட்டி வந்துது?" என்று ஒரு கேள்விதான். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டவில்லை. "அழுது முடி, பொறவு எழுதணும்" என்றார்.

அப்பாவுக்கு இன்லண்ட் லெட்டர் எழுத வைத்தார். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். "தெரிஞ்சுதானட்டி செஞ்ச? அத அடி" என்றார். அடித்தேன். பிறகு என்னோடு வார்டன் அறைக்கு வந்தார். நான் பேசி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் நின்றார். பேசி முடித்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து 42 ரூபாயை மேஜையில் வைத்தார். பெட்டி முடைந்த காசு, பாதிக்கு மேல் சில்லறை.

சும்மா விடவும் இல்லை. வேலை கிடைத்ததும் மாதம் ஐந்து ரூபாய் தர வேண்டும் என்றார். எட்டு மாதம் ஐந்து ஐந்தாகக் கொடுத்தேன். ஒன்பதாவது மாதம் மீதி இரண்டு ரூபாய். பரவாயில்லை வைத்துக்கொள் என்பார் என்று நினைத்தேன். எண்ணி வாங்கிக்கொண்டார்.

அவர் ஒருநாளும் தன்னை என் ஆவிக்குரிய தாய் என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு டோனாவூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1895-இல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1951-இல் இறக்கும்வரை ஒரு தடவைகூடத் தன் நாட்டுக்குத் திரும்பவில்லை. பெற்ற பிள்ளை ஒன்றும் கிடையாது. கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தார். தன் கல்லறைமேல் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்பதால் பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல்லைப் பொறித்தார்கள். அந்தச் சொல் பிள்ளைகள் கொடுத்தது.

இனி சிட்சை என்ற சொல்லுக்கு வருகிறேன். எபிரெயர் 12-ஆம் அதிகாரம் என்றாலே நமக்கு பிரம்பு ஞாபகம் வருகிறது. கிரேக்கத்தில் அங்கே இருக்கிற சொல் பைதெயா. பிள்ளை என்பதற்கான சொல்லிலிருந்து வந்தது. பிள்ளையை வளர்த்துப் பழக்குவது என்று பொருள். தமிழில் சிட்சையும் அப்படித்தான். வடமொழி சிக்ஷாதான் நம் சிட்சை, அதற்குக் கல்வி என்று அர்த்தம். எஸ்.எஸ்.ஏ. பயிற்சி என்று எத்தனை நாள் போய் உட்கார்ந்திருப்போம், சர்வ சிக்ஷா அபியான்! அதே சிக்ஷாதான். நம் வாயில் வந்து தண்டனை என்று சுருங்கிவிட்டது. சொல் சுருங்கியதற்கு என்னைப் போன்ற ஆசிரியர்களும் காரணம். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனதளவில் வதைப்பதையும் தடைசெய்தது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே பிரம்பைக் கீழே போட்டேன் என்று பெருமை பேச எனக்கு வழியில்லை.

பிரம்பைவிட மோசமாக ஒன்று செய்திருக்கிறேன். அது பள்ளிக்கூடத்தில் இல்லை, ஓய்வுநாள் பள்ளியில். 1994 என்று ஞாபகம். காணிக்கைப் பையிலிருந்து ஒரு பையன் சில்லறை எடுத்ததைப் பார்த்துவிட்டேன். பதினொரு வயது இருக்கும். அவனை எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் நிறுத்தி, திருடினேன் என்று சொல்ல வைத்தேன். சொன்னான். நான் அன்றைக்குப் பெரிய நீதி செய்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அவன் வீடு சர்ச்சிலிருந்து நடக்கிற தூரம்தான். நான் போகவில்லை. ஏன் எடுத்தாய் என்று அவனிடம் கேட்கவும் இல்லை. இன்றுவரை எனக்குக் காரணம் தெரியாது.

பெரியம்மை என் பக்கத்தில் நின்றார். நான் அந்தப் பையனுக்கு எதிரே நின்றேன்.

அதனால்தான் ஏலியின் கதையைப் படிக்கும்போது எனக்கு அவர்மேல் கோபம் வருவதில்லை. பெற்ற பிள்ளைகளைக் காலத்தில் அடக்காமல் விட்டவர். ஆனால் சிறுவன் சாமுவேல் விஷயத்தில் அந்தக் கிழவர் இரண்டு நல்ல காரியம் செய்தார். ராத்திரியில் திரும்பத் திரும்பத் தன்னிடம் ஓடிவந்த பையனிடம், கூப்பிட்டது நான் அல்ல, நீ போய் ஆண்டவரிடம் கேள் என்று அனுப்பினார். காலையில், தனக்கு எதிரான தீர்ப்பையே அந்தச் சின்னப் பையன் வாயால் மறைக்காமல் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். உன் காதில் ஆண்டவர் பேச மாட்டார், என் மூலம்தான் பேசுவார் என்கிற 'டாடி'களை ஏலியின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். பிள்ளை தன்னைத் திருத்த இடம் கொடுக்காதவர் பிள்ளையைத் திருத்த எங்கே போவார்?

இதைப் படித்துவிட்டு, "பார்த்தீங்களா, டீச்சரே சொல்லிட்டாங்க, யாரும் நமக்குப் புத்தி சொல்லத் தேவையில்லை" என்று சிலர் கமெண்ட் போடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும். நான் அப்படிச் சொல்லவில்லை. காலையில் ஒரு யூடியூப் பிரசங்கம், மாலையில் வேறொரு பிரசங்கம். இன்றைக்கு உங்களுக்குப் போதிக்க ஆயிரம் பேர். அவர்களில் ஒருவருக்காவது நீங்கள் இரவு பத்து மணிக்கு மேல் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியுமா? மனைவியிடம் எந்தக் குரலில் பேசுகிறீர்கள் என்று தெரியுமா? பிடிக்காத வார்த்தை வந்ததும் விரலால் தள்ளிவிடலாம். பெரியம்மையைத் தள்ள முடியாது, சனிக்கிழமை வந்து நிற்பார். அதட்டி அடக்குகிற தகப்பனுக்குப் பயந்து, தகப்பனே வேண்டாம் என்று போவதும் அநாதையாவதுதான்.

நம் திருச்சபையில் இதற்கு ஏற்பாடே இருக்கிறது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஞானப்பெற்றோர் நின்று வாக்குக் கொடுக்கிறோம். இப்போது அது போட்டோவுக்கு நிற்கிற வேலையாகிவிட்டது. யாரையும் குறை சொல்லவில்லை, நானே ஆறு பிள்ளைகளுக்கு ஞானத்தாய். ஆறு பேருக்கும் வெள்ளியில் கொலுசோ டம்ளரோ வாங்கிக் கொடுத்தேன். அதில் நான்கு பேரின் போன் நம்பர்தான் என்னிடம் இருக்கிறது. மற்ற இருவரின் அம்மா அப்பா இதைப் படித்தால் நம்பரை இன்பாக்ஸில் அனுப்புங்கள். பிள்ளைகளிடம் நான் கேட்டதாக முதலில் சொல்லிவிடுங்கள், திடீரென்று யாரோ கிழவி பேசுகிறாள் என்று பயந்துவிடப் போகிறார்கள்.

மெசேஜ் அனுப்பிய பையனிடம் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நானும் ஒரு 'மம்மி' ஆகிவிடக் கூடாதல்லவா! அந்தப் போதகரிடம் ஒன்று கேட்டுப் பார் என்றேன்: "நான் சென்னையிலேயே இருந்தால், என் அம்மாவை மாதாமாதம் கண் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிக்கொண்டு போவது, நீங்களா?" கோபமாகக் கேட்காதே, மரியாதையாகக் கேள் என்றும் சொன்னேன். அவர் நல்ல மனிதராக இருந்தால் அந்தக் கேள்வியிலேயே நின்று யோசிப்பார். பிறகு, "உன் அம்மாவிடம் இதைப் பற்றிப் பேசினாயா?" என்று கேட்டேன். இல்லையாம். எல்லாரிடமும் கேட்டவன் அவரிடம் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறான். சனிக்கிழமை முழுக்க அம்மாவோடு இரு, ஞாயிறு ஆராதனை முடிந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறு என்று சொல்லியிருக்கிறேன். அவன் வருவதற்குள் நான் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. காணிக்கைப் பையிலிருந்து எடுத்த அந்தப் பையன் இப்போது வள்ளியூர் பக்கம் ஒரு பழக்கடை வைத்திருப்பதாக நேற்றுத்தான் ஒருவர் சொன்னார். வியாழக்கிழமை பஸ்ஸில் போகிறேன். என்ன பேசுவது என்று எழுதிப் பார்த்தேன். 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்று ஒரு வரி வந்தது. அடித்துவிட்டேன்.