தாளம் ஐபோனில் மட்டும்தான் நிற்குமா?

"இசைச் செயலியா? ஐபோனுக்கு மட்டும் எழுதுங்கள், ஆண்ட்ராய்டில் ஒலி பிந்தும்" என்று அடித்துச் சொல்கிறார் நண்பர். 2012-இல் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேன். ஆப்பிளின் ஒலி அமைப்பான கோர் ஆடியோ அன்றும் நன்றாக இருந்தது, இன்றும் இருக்கிறது, அதில் சண்டையில்லை.

ஆனால் 2017-இல் ஆண்ட்ராய்டு 8.0-உடன், ஒலியின் தாமதத்தைக் குறைக்கும் ஏஆடியோ இடைமுகம் வந்துவிட்டது. அடுத்த ஆண்டே கூகுளின் ஓபோ நூலகம். போன் புதிதென்றால் ஏஆடியோ, பழசென்றால் முந்தைய இடைமுகமான ஓப்பன்எஸ்எல் என அதுவே தேர்ந்துகொள்ளும். நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் ஓடும் போனில் 192 மாதிரிகள் கொண்ட ஒரு தவணைக்கு 4 மில்லிநொடி. நாலரை அடி தள்ளி நிற்கும் தவிலின் ஒலி காதுக்கு வரவும் அவ்வளவு நேரம்தான். தொடுதிரையும் ஒலிச்சில்லும் தங்கள் பங்கைச் சேர்க்கும், மறுக்கவில்லை. விலை குறைந்த போன்கள் சில இன்னும் சொதப்பும். அதற்குத்தான் அந்தப் போன்களிலேயே சோதிக்க வேண்டும் என்கிறேன்.

நண்பர் சோதித்ததோ புளூடூத் இயர்போனில்! அதில் நூறு மில்லிநொடி போவது சகஜம், ஐபோனிலும்தான். கம்பியை மாட்டிப் பார்த்துவிட்டு வரட்டும்.

யாருக்காக எழுதுகிறோம் என்பதை அவர் தொடவே இல்லை. சின்னாளபட்டியிலோ வேடசந்தூரிலோ தவில் பழகும் பையன் கையில், அண்ணன் கழித்துக் கொடுத்த ஆண்ட்ராய்டுதான் இருக்கும். திண்டுக்கல்லில் உட்கார்ந்து செயலி எழுதும் இளைஞருக்கும் கணக்கு உண்டு: கூகுள் பிளேயில் ஒரே முறை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர், மேக் கணினி தனி. அந்த மேக்கை நண்பர் வாங்கித் தருவாரா?